கடைசி வரியிலிருந்து படித்தவர்

காற்று முகத்தில் அறைந்த உப்பை நாக்கால் துழாவிக்கொண்டே, நன்னிலத்து மாணவர் விடுதியை விட்டு வந்த இரண்டாம் நாள் காலையில், வேதாரண்யத்துக்குத் தெற்கே உப்பளத்துக்குப் போகும் மண்சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பில் பாதி. விடுதியில் அடியும் இல்லை, பட்டினியும் இல்லை. ஒரே கூரையை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் நடந்தும், இரவு திருவாரூர் பேருந்து நிலையத்தில் படுத்தும், விடியலில் ஒரு நெல் லாரியின் மேல் ஏறியும் ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா என் தங்கையோடு திருவையாற்றுப் பக்கம் களையெடுக்கப் போயிருந்தார். அப்பா அளத்தில்தான் இருப்பார்.

ஐப்பசிக் கடைசி. அந்த மாதத்தில் உப்பு விளையாது. கோடையில் வாரியதையெல்லாம் வரப்பு மேட்டில் வீடு உயரத்துக்குக் குவித்து வைத்திருப்பார்கள். அதற்கு ‘அம்பாரம்’ என்று பெயர். அதன்மேல் தென்னங்கீற்றை வேய்ந்து, கயிறு போட்டு இறுக்கி, பக்கத்திலேயே ஒரு கொட்டகை அடித்து ஆறு பேர் காவல் கிடப்பார்கள். அந்த ஆறு பேரில் மூத்தவர் அப்பா.

“என்னடா, பள்ளிக்கூடம் என்னாச்சு?”

“புயல்னு லீவு விட்டுட்டாங்கப்பா” என்றேன். லீவும் விடவில்லை, நான் யாரையும் கேட்கவும் இல்லை.

“புயலா? அது இந்த மாசம் ரெண்டு தடவ வந்து வடக்கால போயிடுச்சு” என்றார், அப்பாவோடு காவல் இருந்த சிங்காரம் மாமா. “இது மூணாவது. தாலுக்கா ஆபீசு ஆளு கொட்டாயிக் கதவுல இங்கிலீசுல என்னமோ ஒட்டிட்டுப் போயிருக்கான். தொர வந்துட்டாரே, படிங்க தொர.”

அது வானிலைச் செய்தியின் நகல். எல்லாம் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், இரண்டு பக்கம். நான் சத்தமாகப் படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் எனக்குக் குறையே கிடையாது. அர்த்தம்தான் பத்து சொல்லுக்கு மூன்று தேறும். ஆறு பேரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடுதியை விட்டு ஓடிவந்தவனுக்கு அந்தப் பார்வை இனித்தது.

“அதெல்லாம் சரி, மழை எவ்வளவுங்கறான்?” என்றார் அப்பா.

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் உப்பளத்துக்காரர்கள் வானத்திடம் கேட்பது இந்த ஒன்றைத்தான். மழை பெய்தால் உப்பு கரையும். காற்று அடித்தால் பாத்தி காயும். ஆகவே மழை எதிரி, காற்று கூட்டாளி. காற்றை வைத உப்புக்காரனை நான் அதுவரை பார்த்ததில்லை. புயல் என்றாலும் அவர்கள் செய்வது ஊருக்குள் ஓடுவதல்ல. இன்னும் நாலு கயிறு வாங்கிவந்து கீற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, அம்பாரத்தை அணைத்தாற்போல் கொட்டகையில் உட்கார்ந்துகொள்வது.

மழையைப் பற்றிய பத்தி எனக்குப் புரிந்தது. “எல்லா எடத்துலயும் சுமாரா பெய்யுமாம். ஒண்ணு ரெண்டு எடத்துலதான் பலமா இருக்குமாம்” என்றேன்.

“அப்பறம் என்ன, கீத்து தாங்கும்” என்றார் சிங்காரம் மாமா.

அதற்குக் கீழே ஏழெட்டு வரி இருந்தது. அவற்றில் ஒன்றும் விளங்கவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தெரியாத சொல்லைத் தாண்டிப் போவதுதான் விடுதியில் நான் ஒழுங்காகக் கற்ற ஒரே வித்தை. கயிறு வாங்கவும், பக்கத்து இரண்டு அளத்துக்கும் கொடுக்க அந்தத் தாளை நகலெடுக்கவும் அப்பா என்னை ஊருக்குள் அனுப்பினார்.

கடைத்தெருவில் நூருன்னிசா அக்காவின் செராக்ஸ் கடை இருந்தது. கணவர் வளைகுடாவில். அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். கணவர் முதல் தடவை போனபோது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் டிரைவர் வேலை என்று இருந்ததாம். முதலாளி சொல்லும் எந்த வேலையும் செய்ய வேண்டும் என்று கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்ததாம். இரண்டு வருடம் அவர் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டினார். அதற்குப் பிறகு அக்கா ஒரு அகராதியை வாங்கி வைத்துக்கொண்டு, தெருவில் யார் வெளிநாடு போனாலும் அவர்கள் காகிதத்தைக் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். “இனிக்கிறதெல்லாம் மேல எழுதுவான், கடிக்கிறத கீழ எழுதுவான்” என்பார்.

“கரண்டு இல்ல தம்பி, மெஷின் ஓடாது” என்று சொல்லிக்கொண்டே தாளை வாங்கிப் பார்த்தார். பார்வை நேராகக் கடைசி வரிக்குப் போனது. அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறியது. ஒரு சொல்லுக்கு அகராதியைப் புரட்டினார். இன்னொன்றுக்கும் புரட்டினார்.

“இத யாரு உங்க அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினது?”

“நான்தான்.”

“கடைசிவரைக்குமா?”

நான் தரையைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. மொபெட் சாவியை எடுத்தார், பக்கத்துக் கடைக்காரரிடம் “மகள பாத்துக்குங்க” என்றார், ஷட்டரை இழுத்துவிட்டு “ஏறு” என்றார். நண்பகலில் அளத்து வரப்பில் அந்த மொபெட் காற்றில் இரண்டு முறை சாய்ந்தது. இரண்டு முறையும் காலை ஊன்றி நிமிர்த்தினார்.

“வாங்க பாயம்மா, உப்பு வேணுமா?” என்றார் சிங்காரம் மாமா.

“நீங்கதான் வேணும். கெளம்புங்க எல்லாரும். இன்னிக்கு சாயங்காலம் புயல் கரையத் தாண்டுதாம்.”

“காத்துக்குப் பயந்தா நாங்க உப்பு வார முடியுமா?” என்றார் அப்பா. “மழை கம்மின்னு பய படிச்சுட்டான்.”

“மழையும் இல்ல, காத்தும் இல்லண்ணே. கடலு.” அக்கா தாளை மடித்துக்கொண்டு வரப்பில் இறங்கினார். “கடலு ஏறுறப்ப இந்த வாய்க்கா எதுவரைக்கும் நெறையும்?”

“வரப்பு விளிம்பு தொடும்.”

“அதுக்கு மேல ஒன்றரை மீட்டர் ஏறும்னு எழுதியிருக்கான். மாமா, இப்படி வந்து நில்லுங்க.” சிங்காரம் மாமாவை வரப்பின்மேல் நிறுத்தி, அவர் மார்புக்கு மேலே தாளை வைத்துக் காட்டினார். “இங்க வரும். நீங்க பாத்திக்குத் தண்ணி கட்டுவீங்கள்ல, அந்த மாதிரி கடலு இன்னிக்கு உங்களுக்குத் தண்ணி கட்டப்போவுது.”

அந்தச் செய்தியை எழுதியவரிடம் அதற்கு ஒரு பெயர் இருந்தது, ஸ்டார்ம் சர்ஜ் என்று. எங்களிடம் அப்போது பெயர் இல்லை. ஆனால் தண்ணீர் கட்டுவது என்றால் என்ன என்று அந்த ஆறு பேரை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? மடையைத் திறந்தால் பாத்தியில் நிற்கும் எறும்பு என்ன ஆகும் என்று அவர்கள் தினமும் பார்த்தவர்கள்.

அப்படியும் அப்பா அசையவில்லை. “இந்தக் கடைசி அம்பாரத்தக் கட்டிட்டு வந்துடறோம். நீங்க போங்கம்மா.”

“கட்டுங்க” என்று அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “நான் இருக்கேன். ஆறு வயசுப் பொண்ணு கடையில நிக்கிது. நாளைக்கு உம்மா எங்கேன்னு அது கேட்டா, உங்க பேரச் சொல்லச் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

அப்பா கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கயிற்றைக் கீழே போட்டார். “எந்திரிங்க தாயி” என்றார்.

போகிற வழியில் மற்ற இரண்டு அளங்களிலும் அக்கா அதையேதான் செய்தார். ஒவ்வொரு இடத்திலும் உயரமான ஒருவரை வரப்பில் நிறுத்தி, தாளை அவர் மார்பில் வைத்தார். மாலையில் நாங்கள் இருபது பேர் ஊருக்குள் இருந்த மதரசாவின் மாடியில் இருந்தோம். அங்கே வைத்துத்தான், படிக்காமல் விட்ட வரிகளைப் பற்றியும் விடுதியைப் பற்றியும் அப்பாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர், “அந்தப் புள்ள எட்டாவதுதான் படிச்சிருக்காம்” என்றார்.

காலையில் போய்ப் பார்த்தோம். அம்பாரமும் இல்லை, வரப்பும் இல்லை. கொட்டகையின் நடுக்கால் மட்டும் சாய்ந்து நின்றது. அதில் என் தலைக்கு மேலே கடற்பாசி சுற்றியிருந்தது. சிங்காரம் மாமா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்த வருடம் எங்களுக்கு உப்பு இல்லை.

அதன்பிறகு நான் பல கரைகளில் வேலை பார்த்துவிட்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், இறால் பண்ணையில் காவல் இருந்தேன், எங்கேயும் இரண்டு வருடம் தங்கவில்லை. எச்சரிக்கை இப்போது கைப்பேசியில் தமிழிலேயே வருகிறது, அலறிக்கொண்டு, சிவப்பும் ஆரஞ்சுமாக. கதவில் ஒட்டும் தாள் போய்விட்டது. செராக்ஸ் கடை போய்விட்டது. அக்கா தன் மகளோடு வெளியூரில் இருக்கிறார். எங்கள் அளத்தில் காற்றைக் கூட்டாளி என்று நம்பிக் காவல் கிடந்த அந்த நிம்மதியும் போய்விட்டது. போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு இளைஞன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, வரப்பிலிருந்து ஒருவர் கேட்டார்: “மழை எவ்வளவு? கடல் எவ்வளவு?” இரண்டாவது கேள்வி எந்த மதியம் எங்கள் ஊருக்கு வந்தது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தக் கொட்டகைக் காலைப் பார்த்து வந்ததற்கு மறுநாள் காலை, சாலையில் விழுந்து கிடந்த மரங்களை அறுக்க நாகப்பட்டினத்திலிருந்து ஒரு லாரி வந்தது. ஆள் எடுத்துக்கொண்டிருந்த மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“படிச்சவனா நீ? மெஷின் ரம்பத்தோட இங்கிலீசுல ஒரு புஸ்தகம் வந்திருக்கு. படிப்பியா?”

“வாசிப்பேங்க. புரியாது” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, கிளை இழுக்கிற வேலை கொடுத்தார்.