சார்லீன் உட்கார்ந்து பார்த்த நாற்காலி

என் நாத்தனார் சார்லீன் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அரைகுறையாக விடமாட்டாள். கூட இருப்பவர்களுக்கு அது பெரிய தொல்லை. ஆனாலும் சொல்கிறேன், கேப் டவுன் பக்கத்தில் இருக்கும் எங்கள் கால்க் பே துறைமுகத்தில் அவளைப் போல இன்னொருத்தி கிடையாது.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் அன்டோன் மெனிகோ மாமா இருக்கிறார். காலமெல்லாம் மீன்பிடிப் படகு ஓட்டியவர். சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஈஸ்டர் அன்று, மாதா கோயில் படியில் நாலு பேர் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். ஊரே பார்த்தது. அன்றோடு வாசலைத் தாண்டுவதை நிறுத்திவிட்டார். யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "தூக்கிட்டுப் போக நான் என்ன மீன் பெட்டியா?"

சார்லீன் விடவில்லை.

"மாமா, கேப் டவுன்ல அக்வேரியம் போலாம். அங்க உங்களத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

"எவனாவது ஒரு தடவ தூக்குனாலும் அங்கயிருந்தே திரும்பிடுவேன். அப்புறம் எங்கயும் கூப்பிடக் கூடாது."

"ஒருத்தரும் தூக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

வாக்குக் கொடுத்தது அவள், முதுகு ஒடிந்தது எனக்கு. சக்கரத்துக்கு எண்ணெய் போட வேண்டும் என்று பொய் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அவருடைய நாற்காலியை வாங்கி வந்தாள். அதில் தானே ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "தள்ளு" என்றாள். ரயிலடி வரை ஒரே கேலி. "என்ன சார்லீன், ராணி ஊர்வலமா?"

ரயில் பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவில் சக்கரம் மாட்டிக்கொண்டது.

"எறங்கித் தொலையேன்டி."

"மாமாவால எறங்க முடியுமா?"

மூச்சு வாங்க இழுத்து ஏற்றினேன். அடுத்த முறை ஒரு பலகை வேண்டும் என்று முடிவு செய்தாள். அக்வேரியத்திலும் ஒவ்வொரு தொட்டி முன்னால் நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்த உயரத்துக்கு மீன் தெரிகிறதா என்று பார்த்தாள்.

மறு வாரம் மாமா தேய்த்த சட்டையும் தொப்பியுமாக வந்தார். பலகை மேல் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. யாரும் அவரைத் தொடவில்லை. பெரிய கண்ணாடித் தொட்டியில் மீன்களைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். "வேல வெட்டி இல்லாம எப்படிக் கொழுத்திருக்கு பாரு!"

மேல் தளத்துக்குப் போக லிஃப்டில் ஏறினோம். அங்கே வேலை பார்க்கும் பெண் சார்லீனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "போன வாரம் இந்த நாற்காலியில வந்தது நீங்கதானே? இப்ப நடக்குறீங்களே. எல்லாம் ஆண்டவர் கிருபை."

சார்லீன் முகம் செத்துப்போயிற்று. மாமா அவளையே பார்த்தார்.

"எண்ணெய் போடப் போன வண்டி இங்கயா வந்துச்சு?"

 வீட்டுக்குத் திரும்பச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்; அவரோ சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு முன்னால் போனார்.

கடைசியில், கைவிட்டுத் தொட்டுப் பார்க்கும் கடல் தண்ணீர்த் தொட்டி. போன வாரம் அதைச் சுத்தம் செய்ய மூடியிருந்தார்கள். அதன் விளிம்பு மாமாவின் தாடை வரை இருந்தது. கையை நீட்டினார். விரல் தண்ணீருக்கு எட்டவில்லை.

"இத நான் பாக்கல, மாமா," என்றாள் சார்லீன்.

மாமா தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார்.

"வா, தூக்கு. என் எடத்துல உக்காந்து பாத்தவ நீ ஒருத்திதான்."

அவள் தூக்கினாள். மாமா முழங்கை வரை கையை உள்ளே விட்டார். தேய்த்த சட்டையின் கை நனைந்து சொட்டியது.