ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

இரண்டு வருடத்துக்கு முன்பு, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயம், கோலசிலாங்கூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நடந்தது இது.

என் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். ஈஜோக் வட்டாரத்துப் பெண்களின் அளவுகள், அவர்கள் கேட்ட டிசைன் படங்கள் எல்லாம் எங்கள் பழைய கம்ப்யூட்டரில்தான். அது திறப்பதற்குள் நான் குளித்துவிட்டே வந்துவிடலாம். சரி, ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவோம் என்று நூற்று இருபது வெள்ளி பணத்தோடு கிளம்பினேன்.

கடைக்காரர் சீனர்; முதலாளி என்பதால் எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தமிழர்கள் வேலை செய்த தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க் ஒன்றை எடுத்துக் காட்டினார். "அண்ணே, அளவும் படமும்தானே? இந்தச் சின்னது போதும் லா. வேகமா ஓடும்." எனக்கு மனசு வரவில்லை. அதே விலைக்கு நாலு மடங்கு பெரிய பழைய ஹார்ட் டிஸ்க் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததே! நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எலெக்ட்ரீஷியன், எனக்கே பாடமா? பெரியதையே வாங்கி, நானே மாட்டி, எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, முன்பு இருந்ததைத் தூக்கிப் போட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. ஆலையில் மோட்டார்களுக்கு வைப்பது போல, வீட்டில் தையல் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அதோடு விட்டேனா? கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்குக்கும் பெரிய பொட்டாக வைத்தேன். நாலாம் நாள் டக் டக் என்று சத்தம். எதுவும் திறக்கவில்லை.

"தீபாவளிக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு. எழுபது பேருக்கும் மறுபடி எப்படிங்க அளவெடுப்பேன்?" என்று மனைவி கண் கலங்கினாள்.

நேரே கடைக்குப் போனேன். அத்தனை பேர் நிற்கும்போதே, "என்ன தவுக்கே, ஓட்ட சாமான என் தலையில கட்டிட்டீங்களா?" என்று கத்தினேன். அவர் டிஸ்க்கை வாங்கிப் பார்த்தார். காய்ந்த சந்தனத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினார். அடியில் ஒரு பொடி ஓட்டை. பக்கத்திலேயே, இதை மூடாதே என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. டிஸ்க்குக்குள் காற்று போய்வரும் வழியாம். என் பொட்டு சரியாக அதன் மேல்! முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவர் டிஸ்க்கைக் கவிழ்த்து வைத்தார். எல்லார் காதிலும் விழும்படி, "பழைய சாமான் லா, இப்படி ஆகுறதுதான். உள்ள வாங்கண்ணே" என்றார். உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, "பொட்டாலயா, வயசாலயான்னு எனக்கும் தெரியல. இனிமே வெளிப் பெட்டிக்கு வைங்க" என்றார்.

மதியம் முழுக்கப் போராடினார். சில படங்கள் போனது போனதுதான், ஆனால் அளவுகள் அத்தனையும் கிடைத்தன. முதலில் காட்டிய அதே சின்ன எஸ்எஸ்டியில் ஏற்றிக் கொடுத்தார். மனைவியிடம் மறைக்காமல் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரவிக்கைகள் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தச் சின்னதில் இன்றுவரை பாதிகூட நிரம்பவில்லை.

அன்று உண்மையைச் சத்தமாகச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. இப்போதெல்லாம் ஆலையில் யாராவது தவறு செய்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றால், நான் வாயைத் திறப்பதற்கு முன் அந்த ஆளைத் தனியாக உள்ளே அழைத்துக்கொண்டு போகிறேன்.