கவிதை முடிந்த பிறகு

ஒழுங்கில்லாமல் எழுத எனக்கு வராது. ஆகவே இந்த நினைவு மலருக்குச் சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. செய்தி வந்தது.
2. நாங்கள் மொழிபெயர்த்த விதம்.
3. கடைசி ஆண்டில் ஃபாதர் செபிப்பதை விட்டுவிட்டது.

ஜெர்மனியில், இந்தக் கொலோன் நகரில் நம் எல்லோருக்கும் தெரிந்த அருட்தந்தை மரியநாயகம் இறந்த செய்தியை அவருடைய அக்கா தெரேசாதான் தொலைபேசியில் சொன்னார். அழுகை சற்று அடங்கியதும் கேட்டார்:

"மாஸ்டர், நீங்கள்தானே கடைசிக் கிழமையும் பக்கத்திலை இருந்தனீங்கள். தம்பி செபம் சொன்னவனோ?"

"நான் காணேல்லை, அக்கா."

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வேறொன்றும் கேளாமல் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வேல்ஸ் நாட்டுக் குருவானவர் ஒருவரின் கவிதைகளை ஆறு ஆண்டுகளாகப் புதன்கிழமைதோறும் நாங்கள் இருவரும் தமிழாக்கினோம். அந்தக் கவிஞர் ஒரு பக்கத்தில் கடவுளை நம்புவார். அடுத்த பக்கத்தில் சந்தேகப்படுவார். நான் சைவன். பூசை வைக்கிற ஒருவர் இப்படியும் எழுதலாமா என்ற வியப்பே என்னை அங்கே இழுத்தது.

"ஃபாதர், இந்தாள் உண்மையிலை நம்பினவரோ, இல்லையோ?"

"அதைக் கண்டுபிடிச்சால் நீங்கள் புதன்கிழமை வரமாட்டியள், மாஸ்டர்."

ஃபாதர் கவிதையை உரக்க வாசிப்பார். பிறகு கண்ணை மூடி நெடுநேரம் இருப்பார். சொல் தேடுகிறார் என்று எண்ணி, நான் மெல்ல அகராதியை அவர் பக்கம் தள்ளுவேன். "என்ன மாஸ்டர், வேறை டெர்மின் இருக்கோ? ஆரையும் சந்திக்கப் போகவேணுமோ?" என்று சிரிப்பார். அகராதியை அவர் தொட்டதில்லை.

நோய் வந்ததும் பூசை வைப்பதை நிறுத்தினார். செபமாலை இழுப்பறைக்குள் போயிற்று. மருத்துவமனையில் அதை அவர் கேட்கவுமில்லை. இவைதாம் என் மூன்றாவது குறிப்புக்கு ஆதாரம்.

கடைசியாகப் போனபோது, "எனக்கு ஏலாது, நீங்கள் வாசியுங்கோ" என்றார். ஒரு கவிதையை வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனேன். என் கையைப் பிடித்தார்.

"பொறுங்கோ. இன்னும் முடியேல்லை."

"கவிதை முடிஞ்சுது, ஃபாதர்."

"கவிதை முடிஞ்சுது, ஓம். நான் இப்பதான் தொடங்கிறன்."

கண்ணை மூடினார். உதடு அசையவில்லை. மருந்து மயக்கத்தில் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

இதை எழுதி இந்த இடத்துக்கு வந்த பிறகுதான், அத்தனை புதன்கிழமைகளிலும் அவர் எதற்காகக் கண்ணை மூடினார் என்பது எனக்குப் புரிகிறது. ஒரு பக்கம் முடிந்த பின் அடுத்ததைப் புரட்டாமலிருக்கும் அந்தச் சிறிது நேரத்தை அவர் எனக்கு விட்டுச்சென்றதாக நான் வைத்துக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை அழிக்காமல் விட்டிருக்கிறேன். ஆனால் நினைவு மலருக்கு அனுப்புமுன் தெரேசா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்றாவது குறிப்பு பிழை என்று முதலில் அவரிடம்தான் சொன்னேன்.