ஜோக் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு ஃபோன் நம்பர்

பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் மேடையில் தினமும் என் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு, ஒரு குளிர்காலம் முழுக்க நான் சீன மொழியில் காலை வணக்கம் சொல்லியிருக்கிறேன். இணையத்தில் பார்த்து உச்சரிப்பு வேறு பழகிக்கொண்டேன். லேசாகத் தலையைக் குனிந்தும் காட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே "குட் மார்னிங்" என்பார். பரந்த மனசுக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் அவர் வாயைத் திறந்தார். "ஏனுங்ணா, எனக்கு அந்த பாஷை தெரியாதுங்ணா. தமிழ்னா கொஞ்சம் தெரியும்."

ரயில் வந்து நின்றது. ஏற வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர்தான் என் பையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்.

அவர் திபெத்தியர். கர்நாடகத்தில் பைலகுப்பே அகதிக் குடியிருப்பில் பிறந்தவர். குளிர்காலம் வந்தால் அவருடைய அப்பா அம்மா கோயம்புத்தூருக்கு வந்து நடைபாதையில் ஸ்வெட்டர் கடை போடுவார்கள். பள்ளி விடுமுறையில் இவரும் உட்கார்ந்து விற்றிருக்கிறார். என் ஊரும் கோயம்புத்தூர்தான். அந்தக் கடைகளில் ஒன்றில் விலையை அடித்துப் பேசி வாங்கிய மெரூன் ஸ்வெட்டரோடுதான் நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வீட்டில் அதற்கு 'நேபாளிக் கடை' என்று பெயர். ஆக, என் அறியாமை ஊரிலேயே ஆரம்பித்தது. நியூ ஜெர்சியில் அதற்கு உச்சரிப்பு மட்டும் சேர்த்தேன்.

அன்றிலிருந்து ரயிலில் பேச ஆரம்பித்தோம். அவருக்கு ஓர் அண்ணன். பெற்றோர் திபெத்திலிருந்து மலை தாண்டித் தப்பி வந்தபோது, கைக்குழந்தையைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். பிறகு போக முடியவில்லை. அண்ணனை இவர் பார்த்ததெல்லாம் ஃபோன் திரையில்தான். அந்த அண்ணன் விடுமுறை நாட்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்துத் திபெத்திய எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதற்காகச் சீன போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள், என்ன வழக்கு, உயிரோடு இருக்கிறாரா, எதுவும் தெரியாது.

நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் அ, ஆ சொல்லிக் கொடுக்கிறவன். அதற்கு எனக்குக் கிடைக்கும் அதிகபட்சத் தண்டனை, பின்வரிசைப் பையன் "கேன் வீ கோ நவ், அங்கிள்?" என்று கேட்பதுதான். அன்றைக்கு ரயிலில் எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"எங்க வெச்சிருக்கீங்கன்னு சைனா எம்பஸிக்கு எழுதிக் கேளுங்கன்னு காங்கிரஸ்மேன் ஆபீசுல சொன்னேங்ணா. இந்தத் தொகுதி ஆளுங்க நிறைய பேர் கூப்பிட்டாத்தான் விஷயத்தைக் கையில எடுப்பாங்களாம். நான் ஒருத்தியே எத்தனை தடவை கூப்பிடறது? என் குரல் அவங்களுக்கு மனப்பாடம் ஆயிருச்சு."

காங்கிரஸ்மேன் என்றால் எங்கள் தொகுதியின் அமெரிக்க எம்.பி. நான் அந்தத் தொகுதி ஆள்தான். குடியுரிமையும் இருக்கிறது. விமான நிலையத்தில் சின்ன வரிசையில் நிற்பதைத் தவிர அதை வேறெதற்கும் பயன்படுத்தியதில்லை. அன்றே கூப்பிட்டேன். என்னைச் சேர்த்தும் இரண்டே பேர்.

அடுத்த ஜனவரி வரை அந்த எண்ணிக்கை ஏறவில்லை. எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு நான்தான் வழக்கமாகத் தொகுப்பாளர். பிள்ளைகள் உடை மாற்றும் நேரத்தில் ஜோக் சொல்லிச் சபையைத் தாங்கிப் பிடிப்பது என் வேலை. சபைதான் என்னைத் தாங்கிக்கொள்கிறது என்பது என் மனைவியின் கருத்து. சங்கத் தலைவரிடம் போய், அந்தப் பெண்ணுக்கு மேடையில் இரண்டு நிமிடம் கேட்டேன்.

"பாஸ், நாம கல்ச்சுரல் அசோசியேஷன். நோ பாலிடிக்ஸ். பாதிப் பேர் கிரீன் கார்டு க்யூல நிக்கறாங்க. எவனாவது வீடியோ எடுத்துப் போட்டுட்டா?"

"அண்ணன் எங்கன்னு கேக்கறதுல என்ன சார் பாலிடிக்ஸ்?"

"அதான் பாஸ் பாலிடிக்ஸே. நீங்க ஜோக் சொல்லுங்க, போதும்."

விழா அன்று காவடி ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பிள்ளையின் வேட்டி நிற்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து 'நேரத்தை இழு' என்று எனக்குச் சைகை. நான் மைக்கைப் பிடித்து, "இன்னைக்கு ஜோக் இல்லைங்க" என்றேன். கைத்தட்டல். நான் அந்த மேடையில் வாங்கிய முதல் மனமார்ந்த கைத்தட்டல் அதுதான். அது அடங்குவதற்குள் அவரை மேடைக்குக் கூப்பிட்டேன்.

திபெத்தியப் பெண்கள் இடுப்பில் கட்டும் கோடு போட்ட கம்பளி ஏப்ரனோடு வந்தார். "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றதும் சபை சிரித்தது. அண்ணன் சொல்லிக் கொடுத்த பாடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. "நீங்க கூப்பிட்டுக் கேக்கணுங்க" என்று சொல்லும்போது மைக் செத்தது. ஒலிப்பெட்டிப் பக்கம் பார்த்தேன். தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் மேடை அருகே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே, "ப்ளீஸ், நோ பாலிடிக்ஸ்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காங்கிரஸ்மேன் அலுவலக எண்ணைத் தொண்டை கிழியக் கத்தினேன். "லீவு நாளு, வாய்ஸ்மெயில்தான் எடுக்கும். பேரு, ஜிப் கோடு சொல்லுங்க. இந்தம்மா அண்ணன் எங்கன்னு கேட்டு எழுதுங்கன்னு சொல்லுங்க. அவ்ளோதான்!"

"ஹெச் ஒன் விசால இருக்கேன் சார், நான் கூப்பிடலாமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார்.

"கேக்கறது தப்பில்லீங்க. பயமா இருந்தா விட்டுருங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் கூப்பிடறேன்."

மேடையிலேயே டயல் செய்தேன். ஒருவரும் அசையவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து ஆன்டி எழுந்தார். டாக்டர். வருஷா வருஷம் வடையில் உப்பு போதாது என்று என்னிடம் முறையிடுகிறவர்.

"தம்பி, நம்பரை இன்னொருக்காச் சொல்லும். கத்தாமல், ஆறுதலாச் சொல்லும்."

சொன்னேன். நின்றபடியே ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசி முடித்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "பிள்ளை எங்கை எண்டு கேக்கிறது அரசியல் எண்டால், நான் கனகாலமா அரசியல்வாதிதான். உமக்கு இப்பதான் தெரியுமோ?"

அதற்கப்புறம் சபை முழுக்க ஃபோன் வெளியே வந்தது. எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே ஜிப் கோடு. வாய்ப்பாடு ஒப்பிக்கிற வகுப்பு மாதிரி இருந்தது. அந்த ஹெச் ஒன் இளைஞர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பேசினார், ஆனால் பேசினார். காவடி கட்டிய பிள்ளைகள் மேடை ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "மெயில்பாக்ஸ் ஃபுல்லுப்பா!"

அன்று மாலையே வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது: அடுத்த விழாவுக்குப் புதிய தொகுப்பாளர். பரவாயில்லை. அடுத்த ஞாயிறு தமிழ்ப் பள்ளிக் கரும்பலகையில் அந்த நம்பரை எழுதி வைத்துவிட்டுத்தான் பாடம் நடத்தினேன்.

ஒரு மாதம் கழித்து ரயில் மேடையில் அவர் சொன்னார். "ஆபீசுல இருந்து எம்பஸிக்கு லெட்டர் போயிருச்சுங்ணா. பதில் வரல."

"வரும் அம்மிணி, வராம எங்க போயிரும்? அன்னைக்கு ஹால்ல பாத்தீங்களா, மைக் செத்தப்ப நான் மட்டும் கத்தாம இருந்திருந்தா..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீங்க கத்துன கதைய இதோட நாலு தடவை சொல்லிட்டீங்ணா. எங்கண்ணன் இன்னும் உள்ளதான் இருக்காரு. இன்னைக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டீங்களா, இல்லையா?"