தாண்டுறதுக்கு ஒரு மூங்கில்

எங்கள் பக்கத்தில் மூங்கில் வாங்கப் போனால், கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" கல்யாணப் பந்தலுக்கு என்றால் ஒரு குவியலைக் காட்டுவார். பாடைக்கு என்றால் வேறு குவியல். இந்த இரண்டையும் விட்டால் மூன்றாவதாக ஒரு காரியத்துக்கு மூங்கில் தேவைப்படும் என்று காரைக்குடிச் சந்தையில் அதுவரை யாருக்கும் தோன்றியிருக்காது. என் சித்தப்பாவுக்குத்தான் தோன்றியது.

"ரெண்டுக்கும் இல்லண்ணே, தாண்டுறதுக்கு" என்றார் சித்தப்பா.

கடைக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். இந்தப் பிள்ளையாவது விவரமாக ஒரு பதில் சொல்லாதா என்பது போலிருந்தது. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். சித்தப்பா எங்கே போனாலும் பின்னாலேயே போவது என் வேலை. சித்தப்பா என்ன செய்தாலும் அது சரிதான் என்பது என் கட்சி.

அவர் மூங்கில்களை ஒவ்வொன்றாக எடுத்து, துப்பாக்கி பிடிப்பது மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனி வரை பார்த்தார். தரையில் ஊன்றி வளைத்துப் பார்த்தார். கணுக்களைத் தடவிப் பார்த்தார். பெண் பார்க்கப் போனவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் பச்சை மாறாத, நல்ல நீளமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். சாக்கோட்டைப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு நடந்தே வந்தோம். ஊருக்குள் நுழையும்போது எதிரே வந்த ஒரு கிழவி எங்களைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"யாருக்கு என்னய்யா ஆச்சு? ஒன்னுதேன் கொண்டாறீக, இன்னொன்னு பின்னால வருதா?"

பாடைக்கு இரண்டு மூங்கில் வேண்டுமே, அந்தக் கணக்கு. சித்தப்பா சிரித்த சிரிப்பில் மூங்கில் தோளிலிருந்து நழுவப் பார்த்தது.

விஷயம் இதுதான். சித்தப்பா மதுரைக் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்த டிரில் மாஸ்டர் ஒருவர் அவருக்குக் கம்பை ஊன்றி உயரம் தாண்டும் வித்தையைப் பழக்கிவிட்டார். கையில் நீளக் கம்போடு ஓடி வந்து, அதைக் குழியில் ஊன்றி, அது தூக்கிவிடும் வேகத்தில் குறுக்குக் கழியைத் தாண்டி அந்தப் பக்கம் விழ வேண்டும். இப்போது ஏதோ கண்ணாடி நாரில் கம்பு செய்கிறார்களாம். அந்த நாளில் வெள்ளைக்காரனுக்கும் மூங்கில்தான், எங்கள் சித்தப்பாவுக்கும் மூங்கில்தான். சென்னைப் பட்டணத்தில் நடந்த போட்டியில் சித்தப்பா முதலாவதாக வந்துவிட்டு, விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். இனி தில்லியில் ஒரு தேர்வு. அதில் தேறினால் கப்பலேறி, உலகத்து நாடுகளெல்லாம் கூடிப் போட்டியிடும் சீமைக்குப் போகலாம்.

வெள்ளைக்காரன் ஒருவன் கம்பின் மேல் தலைகீழாக நிற்கும் படத்தைச் சித்தப்பா ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தார். அதை அப்பாவிடம் காட்டினார். அப்பா படத்தைத் தலைகீழாகத் திருப்பி, கால் கீழே வரும்படி பிடித்து, "இப்பச் சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

"கம்பை ஊண்டித் தாண்டுறதுக்குச் சீமைக்குப் போகணுமாக்கும்? நம்மூர்ல சுவருக்கா பஞ்சம்?"

அப்பா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் செட்டியார் வீட்டு மதில்கள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். சித்தப்பா களத்தில் பழக ஆரம்பித்த செய்தி எட்டியதும், அப்படிப்பட்ட ஒரு வீட்டு ஆச்சி தன் காவல்காரரை அனுப்பிவிட்டார். அவர் அப்பாவிடம் வந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார். "தம்பி தங்கமான தம்பிதேன். ஆச்சிக்கு அதுல ஐயமில்ல. ஆனாக்க இந்த வித்தைய நாலு பேரு பாக்குற மாதிரி செய்ய வேணாம்னுட்டாக. பாத்துக் கத்துக்கிறவன் எல்லாம் தம்பி மாதிரி இருப்பானா?"

அப்பா சித்தப்பாவிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அவரால் முடியாது. தாயும் தகப்பனும் போன பிறகு அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அப்பாதான். இருவருக்கும் நடுவில் இன்னொரு தம்பி இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே பினாங்குக்குக் கடை வேலைக்குப் போனவர். நாகப்பட்டினத்தில் அவரைக் கப்பலேற்றிவிட்டு வந்தது அப்பா. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பினாங்கிலிருந்து திரும்பும் ஆட்களைத் தேடித் தேடிப் போய் விசாரிப்பார் அப்பா. யாரும் அப்படி ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் கப்பல் என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். சித்தப்பா வந்து அதை உரக்கச் சொன்னார்.

எனக்கு இதெல்லாம் ஒரு கவலையாகவே படவில்லை. காலையில் களத்துக்குப் போவோம். இரண்டு கம்பங்களை நட்டு, ஆணி அடித்து, அதில் மெல்லிய கழி ஒன்றைக் குறுக்கே வைப்பார். அந்தப் பக்கம் வைக்கோலைக் குவித்துக்கொள்வார். உயரம் அளக்க அவரிடம் ஒரு தனிக் கணக்கு இருந்தது. என்னைக் கம்பத்தோடு ஒட்டி நிறுத்தி, தலைக்கு மேல் கோடு போட்டு, அந்த அளவை ஒரு 'நீ' என்று வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு ரெண்டரை நீ தாண்டியிருக்கேன் தாயி. ரெண்டே முக்கால் நீ தாண்டிட்டா தில்லியில ஒரு பய கிட்ட நிக்க முடியாது. மாஸ்டரே சொல்லிட்டாரு, இந்தத் தேசத்துல எனக்கு மேல தாண்டுறவன் இல்லைன்னு."

நான் வளர்ந்துவிட்டால் கணக்கு கெட்டுப் போகுமே என்று எனக்கு ஒரே பயம். இரவில் பாதிச் சோற்றோடு எழுந்து போனேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்து உட்கார்த்தினாள்.

ஒரு நாள் காலையில் சித்தப்பா அந்த ரெண்டே முக்காலையும் தாண்டிவிட்டார். வைக்கோலிலிருந்து எழுந்து என்னைத் தூக்கிக்கொண்டு களம் முழுக்க ஓடினார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தில்லிப் பயணத்துக்கு நாள் சொன்னார். அப்பா, "தூரப் பயணம் போறவன் காளையார்கோவிலுக்குப் போயி சாமி கும்பிட்டு வந்துரு. அத்தை வீட்ல ராத் தங்கிட்டு நாளைக்கு வந்தாப் போதும்" என்றார். சித்தப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணன் சம்மதித்துவிட்டார் என்று நினைத்து வண்டியேறிப் போனார். அம்மா அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் எதுவும் அங்கே இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது வாசலில் கூட்டம். என் அம்மாவின் தங்கையைச் சித்தப்பாவுக்கு என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு அன்று முகூர்த்தக்கால் ஊன்றினார்கள். பந்தல்காரர் தன் வண்டியில் மூங்கில் கொண்டுவந்திருந்தார். அதை அப்பா இறக்க விடவில்லை. மாட்டுக்கொட்டகையிலிருந்து சித்தப்பாவின் கம்பை அவரே எடுத்து வந்தார். பந்தல்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு நேரான கால் எனக்கு எங்குட்டும் கிடைச்சதில்லைங்க" என்றார்.

குழியில் பாலும் நவதானியமும் விட்டார்கள். கம்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினார்கள். சுமங்கலிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பிடித்து ஊன்றினார்கள். எனக்கு ஒரே பெருமை. ரெண்டே முக்கால் தாண்டிய கம்பு, அதற்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பாவின் வண்டி தெருமுனையில் திரும்பியபோது நான்தான் ஓடிப் போய்ச் சொன்னேன். "சித்தப்பா, உங்க கம்புக்குப் பொட்டெல்லாம் வச்சிருக்காக, வந்து பாருங்க!"

சித்தப்பா கோவில் விபூதிப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கால் ஊண்டியாச்சு. கல்யாணம் முடியுற மட்டும் நீ ஊர் எல்லை தாண்டக் கூடாது. கல்யாணம் அடுத்த மாசம்."

அடுத்த மாதத்துக்குள் தில்லித் தேர்வு முடிந்து போயிருக்கும். அது அங்கே நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சித்தப்பா கம்பின் அருகில் போய், தாண்டும்போது எந்தக் கணுவில் கை வைப்பாரோ அதை எட்டிப் பிடித்துப் பார்த்தார். கம்பு அசையவில்லை.

"நல்லா ஆழமா ஊண்டியிருக்கீகண்ணே" என்றார். விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா ஒரு விரலில் எடுத்துப் பூசிக்கொண்டார். சித்தப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. என் சித்தி நல்ல சிரித்த முகம். வந்த மறுநாளே என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அவுக கம்பு வச்சு ஆகாசத்துக்குப் போவாகளாமே, மெய்யா?" என்று காதில் கேட்டாள். நான் 'நீ' கணக்கை விளக்கிச் சொன்னேன். அவள் என் தலையையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பந்தல் பிரிக்கும் நாளில் அம்மாவிடம் போய், "அக்கா, அவுக தாண்டுறத ஒரு தடவை எனக்குப் பாக்கணும். அத்தான்கிட்டக் கேட்டுச் சொல்லு" என்றாள்.

புதுப்பெண் முதன்முதலாகக் கேட்டது. அப்பாவும் அன்று நல்ல மனசோடு இருந்தார். பயந்த ஆபத்து நீங்கிவிட்ட நிம்மதி. "தாராளமாத் தாண்டட்டும். நலங்கு விளையாட்டு ஒன்னு கூடுதலா இருந்துட்டுப் போகுது, நானும் வாரேன்" என்று சிரித்தார்.

அதுவரை அப்பா ஒரு தடவைகூடக் களத்துக்கு வந்து சித்தப்பா தாண்டுவதைப் பார்த்ததில்லை.

மண்ணில் புதைந்து ஊறிப்போன அடிப்பகுதியைச் சித்தப்பா அறுத்துத் தள்ளினார். மஞ்சளைத் துடைத்து, கை பிடிக்கும் இடத்தில் வேப்பெண்ணெய் தடவினார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டார். கம்பு குட்டையாகிவிட்டதால் ரெண்டே கால் 'நீ'க்குத்தான் கழியை வைத்தார். எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. புதுச் சித்திக்கு முன்னால் முழுசாகத் தாண்டிக் காட்டக் கூடாதா?

களத்தின் கோடியிலிருந்து ஓடி வந்தார். கம்பு குழியில் இறங்கியது, வளைந்தது. அவருடைய கால்கள் மேலே போயின. ஒரு நொடி அந்தப் படத்தில் இருந்தவனைப் போலவே, தலை கீழே, கால் வானத்தில். பிறகு கம்பை மெல்லத் தள்ளிவிட்டு, கழியின் மேல் தண்ணீர் வழிவது மாதிரி உடம்பைச் சாய்த்து, அந்தப் பக்கம் வைக்கோலில் விழுந்தார். கழி அசையக்கூட இல்லை.

பெண்கள் எல்லோரும் கூவினார்கள். சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். நான் குதித்துக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மெதுவாக நடந்து வைக்கோல் குவியலிடம் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"இம்புட்டு உசரமாடா?" என்றார்.

சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டே தலையாட்டினார்.

அப்பா அந்தக் கழியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல் அவர் வாயிலிருந்தே வந்தது.

"அந்தக் கப்பல்... போயிருச்சாடா?"

சித்தப்பா மேலே ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். அப்புறம் அவருக்கே உரிய அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"போனாப் போகுதுண்ணே. நான் தில்லிக்குப் போயிருந்தாலும் தேறியிருக்க மாட்டேன். வடக்க என்னையவிட உசரமாத் தாண்டுறவக எம்புட்டோ பேரு இருக்காக."

எனக்குத் தாங்கவில்லை. இந்தத் தேசத்திலேயே இவருக்கு மேல் ஆளில்லை என்று மாஸ்டர் சொன்னதை என்னிடம் சொன்னவரே இவர்தானே! "பொய்யி! அப்பா, சித்தப்பா பொய் சொல்றாரு! இவருதேன்..." என்று கத்த ஆரம்பித்தேன். சித்தப்பா சட்டென்று என்னை இழுத்து அணைத்து, வாயை உள்ளங்கையால் மூடிவிட்டார். வேப்பெண்ணெய்க் கசப்பு என் உதட்டில் ஒட்டியது. விடுவார் என்று திமிறினேன். விடவில்லை. விளையாட்டுக்குக்கூட அவர் என்னை அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை.

அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி, சித்தப்பாவின் தலைமுடியில் சிக்கியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். அது முழுவதும் போன பிறகும் அவர் கை அங்கேயே இருந்தது.

அன்று சாயங்காலம் நான் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவள், "போயி வெளையாடு" என்று சொல்லிவிட்டாள். எல்லோரையும் விட உயரமாகத் தாண்டுகிற மனிதர், அப்பாவிடம் மட்டும் ஏன் தன்னைக் குட்டையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்? எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. பொய் சொல்கிறவரோடு என்ன பேச்சு என்று, அவர் கூப்பிடக் கூப்பிட, முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன்.