முன் வரிசையில் சூசைமேரி டீச்சர்

எங்கள் பங்குப் பள்ளிக்கூடத்தில் சூசைமேரி டீச்சர் சரித்திரம் எடுத்தார். குடியிருந்தது மாதா கோயிலுக்குச் சொந்தமான ஓட்டு வீடு. புருஷன் செத்துப்போனார். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காது. வேலை போனால் வீடும் போகும். இது ஊருக்கே தெரியும், முக்கியமாக நாட்டாண்மை சவரிராயனுக்கு. உப்பளமும் அவருடையது, பள்ளிக்கூடக் கமிட்டியும் அவர் கையில்.

எழுபத்தைந்தாம் வருஷம், பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம். பத்தாவது பிள்ளைகளுக்கு ஹிட்லர் பாடம். யூதர்களைக் கொன்றான் என்று புத்தகத்தில் ஒரே ஒரு வரி. டீச்சர் தாண்டிப் போயிருக்கலாம். யூதர் என்றால் யார் என்று கேட்டிருக்கிறார். என் மகள் மரியசெல்வி எழுந்து, "யேசுவைக் கொன்னவங்க டீச்சர். எங்கப்பாதான் அவங்களுக்குத் தலைவரு" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம்.

அவள் சொன்னது நாடகத்தை. பெரிய வெள்ளியன்று கோயில் திடலில் போடும் பாஸ்காவில், அதாவது யேசு சிலுவையில் சாகும் நாடகத்தில், யூதர்களின் பெரிய குரு கைப்பாஸ் வேஷம் என்னுடையது. பத்தாவது பிள்ளைகள்தான் யூத ஜனங்கள். உப்புச் சாக்கைப் பிரித்துத் தாடி, அட்டையில் வளைந்த மூக்கு. "சிலுவையில் அறையும்!" என்று கத்த வேண்டும், அவ்வளவுதான்.

டீச்சர் சிரிக்கவில்லை. நாலைந்து நாள் அந்த ஒரு வரியையே நடத்தினார். வார்சா என்ற ஊரில் யூதர்களைச் சுவர் கட்டி அடைத்துப் பட்டினி போட்டது, சின்னப் பிள்ளைகள் சுவரைத் தாண்டிப் போய் ரொட்டி கொண்டுவந்தது, தடை போட்ட பள்ளிக்கூடத்தை ஒளித்து நடத்தியது. கடைசியில் அவர்களுடைய விடுதலைத் திருநாளான பாஸ்கா தொடங்கும் நேரம் ஹிட்லர் பட்டாளம் உள்ளே நுழைய, கிடைத்த துப்பாக்கியோடு எதிர்த்து நின்றது. ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்தே நின்றார்களாம். "மாதாவும் யேசுவும்கூட யூதருங்கதான், அந்த ஊர்ல இருந்திருந்தா அவங்களையும்தான் சுவத்துக்குள்ள தள்ளியிருப்பான்" என்றும் சொல்லிவிட்டார்.

ஒத்திகைக்கு வந்த பிள்ளைகள் ஒருவரும் அட்டை மூக்கைத் தொடவில்லை.

"ஏம்மா, உனக்கு என்னா கேடு? எடுத்து மாட்டு" என்றேன் மகளிடம்.

"நீயே மாட்டிக்கப்பா. உனக்குத்தான் நல்லா இருக்குது."

விஷயம் நாட்டாண்மைக்குப் போனது. டீச்சரைப் பங்குச் சாமியார் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். நாடகக்காரன் என்று என்னையும் நிற்க வைத்தார்கள். சாமியார் சின்ன வயசு. "ரோமாபுரியில போப்பாண்டவரே யூதரைப் பழிக்கிற பெரிய வெள்ளி செபத்தை மாத்திட்டாரு" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"ரோமாபுரியா இங்க பாஸ்கா போடுது? நாம போடுறோம் சாமி" என்றார் நாட்டாண்மை. சாமியார் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். நாட்டாண்மை டீச்சர் பக்கம் திரும்பினார். "புள்ளைங்க மூக்கு மாட்டணும். இல்லாட்டி வேற வீடு பாத்துக்கங்க. அம்மாவ எப்பிடித் தூக்கினு போறதுன்னும் யோசிச்சுக்கங்க."

மறுநாள் வகுப்பில் டீச்சர், "மாட்டிக்கங்க" என்றார். "கத்தவும் கத்தணுமா டீச்சர்?" என்று என் மகள் கேட்டிருக்கிறாள். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

பெரிய வெள்ளி மாலை. பிள்ளைகள் மூக்கோடு மேடையேறினார்கள். தீர்ப்புச் சொல்லும் ரோம அதிகாரி பிலாத்து வேஷம் கட்டிய கடைக்காரர் பாஸ்கல் யேசுவைக் காட்டி, "இவனை நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். ஒரு சத்தமில்லை. மறுபடி கேட்டார். இல்லை.

"ஏம்பா, இவங்க கத்தாம நான் எப்பிடிப் பழியில்லன்னு கை கழுவுறது?" என்று என் காதைக் கடித்தார் பாஸ்கல்.

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் முன் வரிசையில், நாட்டாண்மைக்கும் அவர் பெண்சாதிக்கும் நடுவில். எழுந்து போக வழியில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கமிருந்து ஆனந்தம்மாள் எழுந்தாள். "சனியனுங்களா, கத்தித் தொலைங்களேன்! எவ்ளோ நேரம் குந்தினு இருக்கிறது? சிலுவையில் அறையும்!" அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் ஆண்கள், மடியிலிருந்த குழந்தைகள்கூட. நாட்டாண்மை துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அறையும்! அறையும்!" திடலே கத்தியது. பாஸ்கல் நிம்மதியாகக் கை கழுவினார். அட்டை மூக்குக்கு மேலே பிள்ளைகளின் கண்கள் ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு அடுத்த வசனம் வரவில்லை.

சொன்னபடி மூக்கு மாட்ட வைத்துவிட்டதால் டீச்சரை வீட்டைவிட்டு அனுப்ப முடியவில்லை. சரித்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆறாவதுக்குக் கணக்கு எடுக்கச் சொன்னார்கள். எடுக்கிறார். யூத ஜனங்கள் வேஷத்துக்கு இப்போது உப்பளத்து ஆட்கள்.

பெரிய வெள்ளி வந்தால் முன் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடுகிறார்கள். வராவிட்டால் ஏன் என்று கேட்க வீட்டுக்கு ஆள் வரும். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்து உட்காருகிறார். கத்தும் இடம் வரும்போது மேடையை யாரும் பார்ப்பதில்லை. அவர் வாயைத்தான் பார்க்கிறார்கள்.