ஒட்டுக்கேட்காத அக்கா

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில், வெளியூர் போன் இணைப்புகள் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது, எனக்கு அடுத்த நாற்காலியில் அந்த அக்கா இருந்தாள். அந்த ஊரிலேயே ஸ்ரீவராகம் பகுதியில் குடியிருந்த தமிழ்க்காரி. வருஷக்கணக்காக ஹெட்போன் அழுத்தி, உச்சந்தலையில் முடி தேய்ந்து ஒரு கோடு விழுந்திருந்தது.

பிறர் பேசுவதை ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நகர்ந்தால் நாங்கள் எல்லோரும் கேட்போம், கேட்டுச் சிரிப்போம். அக்கா மட்டும் இரண்டு பக்கமும் "ஹலோ" சொன்னதுமே போர்டிலிருந்த சுவிட்சைத் தள்ளி, தன் காதுக்கு வரும் பேச்சை அடைத்துவிடுவாள்.

"வேலை போயிடும்னு பயமா அக்கா?" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"பயமில்லைடி, வெட்கம்" என்றாள். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எதிராத்துப் பொண்ணுக்கு வலிப்பு உண்டுன்னு அவ அப்பா மதுரை டாக்டர்கிட்ட டிரங்க் கால்ல சொன்னதைக் கேட்டுட்டேன். என் அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். தெரு பூரா பரவி, நிச்சயமான கல்யாணம் நின்னுபோச்சு."

"நீங்கதான்னு அவளுக்குத் தெரியுமா?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அவளே வந்து கேட்டா. 'நீங்க எக்ஸ்சேஞ்சில இருக்கேளே அக்கா, யார் சொல்லியிருப்பா?'ன்னு. தெரியாதுன்னுட்டேன். என்னை அவ சந்தேகப்படவே இல்லை. இப்பவும் கோயில்ல பார்த்தா என் கையைப் பிடிச்சுண்டுதான் பேசறா."

அதன்பிறகு நானும் ஒட்டுக்கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்று அக்காவிடம் கேட்க நினைத்தும் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அது யாருக்கு நிம்மதி என்பது எனக்கு இன்றும் தெரியவில்லை.